ஒரே அறையில் இரண்டு கணினிகள்

செப்டம்பர், இரண்டாம் வெள்ளிக்கிழமை, மாலை: மேக் கணினி இயக்கப்பட்டது. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்படி அறிவிப்பு வந்தது. 'நாளை நினைவூட்டு' என்ற பொத்தான் அழுத்தப்பட்டது. நினைவஞ்சலி அட்டைக்கான புதிய பக்கம் திறக்கப்பட்டு, மெனுவின் வழியே பெயரிட்டுச் சேமிக்கப்பட்டது.

மறுநாள், சனிக்கிழமை, காலை: அதே அறிவிப்பு; அதே பொத்தான். தட்டச்சுப் பணி தொடங்கியது. இடையிடையே சேமிப்பு விசைகள் அழுத்தப்பட்டன. நண்பகலுக்குச் சற்று முன் மின்தடை. யுபிஎஸ் தாங்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் கோப்பு திறக்கப்பட்டது. பக்கம் வெறுமையாக இருந்தது.

காரணம்: அழுத்தப்பட்டவை விண்டோஸ் கணினிக்குரிய விசைகள்.

எண்ணூரில் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டறையில் கருவியியல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஷிப்டு முடியும்போது நடந்ததை மட்டும், நடந்த வரிசையில், யாரையும் குறை சொல்லாமல் எழுதிவைத்துவிட்டுத்தான் அங்கே படி இறங்க முடியும். மேலே உள்ளதை அந்தப் பழக்கத்தில் எழுதினேன். அதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அந்த அட்டை என் மனைவியுடையது. அவள் இறந்து ஓராண்டு நிறைவதற்கான பூசை தேவாலயத்தில், அக்டோபரில். அதற்குள் அவளுடைய கணினியில், அவள் பயன்படுத்திய எழுத்துருவில், அட்டையை என் கையால் செய்து முடிக்க வேண்டும். வேறு எவரும் இதை என்னிடம் கேட்கவில்லை.

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, பங்குக் கோயிலின் மாத இதழ், விசைப்படகுச் சங்கத்தின் நோட்டீஸ், இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணீர் அஞ்சலி. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் யார் இறந்தாலும் மாலைக்குள் சுவரில் முகம் வந்துவிட வேண்டும். அந்த முகங்களில் பெரும்பாலானவை இந்த அறையிலிருந்து போனவை. அறையின் ஒரு சுவரோரம் அவளுடைய மேக். எதிர்ச்சுவரோரம் என் விண்டோஸ். நாற்காலியைத் திருப்பினால் ஒருவர் முதுகு ஒருவருக்குத் தெரியும். முப்பது ஆண்டுக்கால இல்லறத்தில் நாங்கள் விடாமல் நடத்திய சண்டை ஒன்றே ஒன்றுதான்: இவ்விரண்டில் எது புதுமையான கணினி?

சண்டைக்கு இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அவள் பாரிமுனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள். முதலாளி ஒரு மேக்கை வாங்கி வந்து மேசையில் வைத்தபோது, அதைத் தொடத் துணிந்தவள் அவள் மட்டுமே. அச்சகம் மூடியபோது அந்தப் பெட்டியைத் தன் பங்காகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது ஓய்ந்தபின் அதன் இடத்துக்கு வந்தவையும் மேக்குகளே. நான் ரிச்சி தெருவில் உதிரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வீட்டில் தரையில் செய்தித்தாள் விரித்து, என் கணினியை நானே பொருத்தினேன். துறைமுகக் காற்றில் உப்பும், கண்டெய்னர் லாரிகளின் புழுதியும் கலந்திருக்கும். ஆண்டுக்கு இருமுறையாவது உள்ளே துரு ஏறி, திரை நீலமாகிவிடும். நான் பெட்டியைத் திறந்து, ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்ப்பேன்.

"இன்னாங்க, பொட்டி திரும்பவும் நீலமா கீதா?" என்று அவள் திரும்பாமலேயே கேட்பாள்.

"அஞ்சு நிமிஷம். துருதான்."

"அஞ்சு நிமிஷம்னு சொல்லி ஒரு மணி நேரமாச்சு. காசிமேட்ல போட்டுல போனவங்க மீனோட திரும்பிட்டாங்க."

"என்னுடையதைத் திறக்கவாவது முடியும். உன்னுடையது கெட்டால் அண்ணா சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்."

"எதுக்குத் தொறக்கணும்? கல்யாணம் ஆன நாள்லருந்து உங்க தலைய நான் தொறந்து பாத்தனா? ஓடுது, வுட்டாச்சு."

என் வாதத்தை நான் ஒழுங்காகவே கட்டியிருந்தேன். புதுமை என்பது பலர் கைக்கு எட்டுவது. எந்த உதிரியிலும், எந்தத் தெருவிலும், துறைமுகக் குமாஸ்தா வீட்டிலும் ஓடும் ஒன்றைச் செய்வதே கடினமான பொறியியல். மேலும், பழையதைக் கைவிடாமல் புதியதைச் செய்வது அதனினும் கடினம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து அறிக்கை ஒன்று இன்றும் என் கணினியில் திறக்கும். அவளுடைய மேக் வம்சமோ மூன்று முறை தன் மூளைச் சில்லையே மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பழைய மென்பொருள்களைச் சில காலம் சுமந்துவிட்டு, பிறகு சொல்லாமல் இறக்கிவிட்டது.

அவள் மறுக்கமாட்டாள். "தூக்கிப் போட மனசு வந்தாத்தான் புதுசா செய்ய வரும். நீங்க எழுதாத பழைய பேனாவ சட்டப் பையில வெச்சிகினு சுத்துறீங்க பாருங்க, அது மாதிரிதான் உங்க விண்டோஸும்."

ஒருமுறை, வென்றுவிட்டேன் என்று எண்ணி ஒரு தகவலைப் போட்டேன். சுட்டியும் சாளரங்களும் முதலில் உருவானது இரு தரப்பிலும் இல்லை, மூன்றாவதாக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், இருவருமே அங்கிருந்து எடுத்துக்கொண்டவர்கள்தான் என்றேன். அவள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப பொறந்த வூடு ஒண்ணு. வாக்கப்பட்டு வந்த வூடு ரெண்டு. சரி. எந்த வூட்ல மொதல்ல அடுப்பு எரிஞ்சுச்சு?"

"உன் வீட்டில்."

"அவ்ளோதான். சாப்பிட வாங்க."

மேக்கின் மீது அவளுக்கு இருந்தது பிடிவாதம் என்றே நெடுங்காலம் நினைத்தேன். அதன் காரணத்தை அவள் ஒருமுறைதான் சொன்னாள், திருவொற்றியூரிலிருந்து இரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது. தட்டச்சராக இருந்த நாட்களில் ஸ்டென்சில் தாளில் ஓர் எழுத்து தவறினால் சிவப்பு மருந்தைத் தடவி, ஊதி, காயக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை தவறினால் தாள் வீண், முதலாளியின் வசவு. பக்கத்தின் அடியை நெருங்க நெருங்க விரல் நடுங்குமாம். மேக் வந்த முதல் வாரம், ஒரு பத்தி முழுவதையும் தவறி அழித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த விற்பனையாளர் இரண்டு விசைகளை அழுத்திக் காட்டினார். பத்தி திரும்பி வந்தது. "பாத்ரூமுக்குப் போயி அழுதுட்டு வந்தேன்" என்றாள். "அன்னிக்கு அப்புறம் எனக்குக் கை நடுங்கல." அப்போது இரயில் தண்டையார்பேட்டையில் நின்றது. கூட்டம் ஏறியது. அந்த வசதி என் கணினியிலும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தவன், அவளுடைய பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் தொழிலில் இரண்டு விதிகள் வைத்திருந்தாள். இரண்டையும் நான் திறமையின்மை என்று கருதினேன்.

முதலாவது, ஒவ்வொரு மரணத்துக்கும் புதிய பக்கம். ஊரில் மற்ற கடைகளில், முன்பு இறந்தவரின் கோப்பைத் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றி வேறு பெயரில் சேமிப்பார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடியும். அவள் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவாள். கோடு, சிலுவை அல்லது விளக்கு, பெயர், தேதி என ஒவ்வொன்றாக. "ஒருத்தர் படுத்த பாயில இன்னொருத்தர படுக்க வெக்கக் கூடாது" என்பாள். இது வார்ப்புரு என்னும் கருத்தாக்கத்தையே மறுப்பது என்று நான் விளக்குவேன்.

இரண்டாவது, படத்தில் இருக்கும் கை. இறந்தவருக்குத் தனிப்படம் பெரும்பாலும் இருக்காது. கல்யாணத்திலோ திருவிழாவிலோ எடுத்த கூட்டுப் படத்திலிருந்து முகத்தை வெட்ட வேண்டும். அப்போது தோளில் யாருடைய கையாவது கிடக்கும். உயிரோடு இருப்பவரின் கை இறந்தவரின் படத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் கைக்குரியவரையும் கூப்பிட்டுக்கொள்ளும் என்பது இந்தப் பகுதியின் நம்பிக்கை. அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எத்தனை அவசரத்திலும் கையை நீக்காமல் படத்தை அனுப்பமாட்டாள்.

காசிமேட்டுக்காரர் ஒருவர் தந்தையின் படத்தோடு வந்தது நினைவிருக்கிறது. கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் படம் நன்றாக வர வேண்டும் என்பதில் குறியாக இருந்தார்.

"எக்கா, எங்க நைனா கெத்தா தெரியணும்."

"தெரிவாரு. இது யாரு கையி?"

"சித்தப்பா கையிக்கா. அந்தாளோட பேச்சுவார்த்தையே கெடையாது. மொதல்ல அத்தத் தூக்கு."

"தூக்குறேன். ஆனா தோளு கொஞ்சம் எளைச்சாப்ல இருக்கும், பரவால்லியா?"

"இன்னாக்கா நீ. உசுரோட இருந்தப்பவே அந்தாளு பாரத்த தாங்கித்தான் எங்க நைனா எளைச்சாரு. இப்பவாச்சும் எறக்கி வையி."

மூவரும் சிரித்துவிட்டோம். அவர் உடனே அழத் தொடங்கினார். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். பிறகு அந்தத் தோளை, துணியின் மடிப்பு மடிப்பாக, மாலை வரை வரைந்துகொண்டிருந்தாள்.

அவள் இறந்த அன்று அவளுக்கான கண்ணீர் அஞ்சலியை வேறொரு கடையில் செய்தார்கள். செய்தவர்கள் அன்போடுதான் செய்தார்கள். அடக்கத்துக்கு முன் சுவருக்கு வர வேண்டும் என்ற அவசரம். பெயர் இடத்தை நிரப்பவில்லை என்பதால் எழுத்துகளைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருந்தார்கள். கல்மண்டபம் சிக்னல் அருகே அந்தச் சுவரொட்டியின் முன் நான் நின்றேன். எழுத்தை இழுப்பதை அவள் தாங்கமாட்டாள். "எழுத்து இன்னா பாவம் பண்ணுச்சு, கைய கால இழுக்குறீங்க" என்று வாடிக்கையாளர்களோடு சண்டை போட்டவள். அதற்கும் முன்பு, ஏதோ ஓர் இரவு உணவின்போது, பாதி விளையாட்டாக என்னிடம் சொல்லியிருந்தாள்: "என் கார்ட மட்டும் உங்க மிஷின்ல போட்றாதீங்க."

ஆகவே ஓராண்டு அட்டையை நானே செய்வது என்று தீர்மானித்தேன். அதற்கு ஒரு தடை இருந்தது. அவளுடைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் தமிழ் எழுத்துருவும் மிகப் பழையவை. இப்போதுள்ள இயங்குதளம் வரைதான் அவை ஓடும். புதுப்பித்தால் இரண்டும் நின்றுவிடும். கணினியை இயக்கும்போதெல்லாம் அது புதுப்பிக்கச் சொல்லி அறிவிக்கிறது. 'இப்போதே' என்ற பொத்தானுக்கு மிக அருகில் 'நாளை நினைவூட்டு' இருக்கிறது. சுட்டியை ஒரு வால்வைத் திருப்புவதுபோல் மெதுவாக நகர்த்தி, படித்துப் பார்த்து அழுத்துகிறேன். கணினிக்கும் வயதாகிவிட்டது. பூசை வரை அது தாங்க வேண்டும்.

முதலில், பழக்கத்தால், அவள் செய்த ஓர் அட்டையின் கோப்பை என் கணினிக்கு மாற்றித் திறந்து பார்த்தேன். நான் முப்பது ஆண்டுகள் பெருமையடித்தது உண்மைதான்: திறந்தது. ஆனால் அவளுடைய எழுத்துரு என் கணினியில் இல்லாததால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஐரோப்பிய எழுத்துகளும் புள்ளிகளும் நிறைந்திருந்தன. சிலுவை மட்டும் சிலுவையாகவே இருந்தது.

அதன்பின் மேக்கிலேயே, நான் எப்போதும் பரிந்துரைத்த வழியில் செய்தேன். வேறொரு அம்மையாரின் நினைவு அட்டையைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றினேன். அச்செடுத்து, மெய்ப்புப் பார்க்க என் மைத்துனியிடம் கொடுத்தேன். என் மனைவியின் தங்கை. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். நாள்தோறும் குழம்பு கொண்டு வருபவள். கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மாமா, எங்க அக்காவுக்கு எப்ப நாலு புள்ள பொறந்துச்சு?"

வாங்கிப் பார்த்தேன். கீழே, துயரத்துடன் என்பதன் அடியில், மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று முந்தைய குடும்பம் முழுவதும் அப்படியே நின்றது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"அக்கா இருந்திருந்தா இத்த வெச்சே ஒரு வருசம் ஓட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கவனிக்கவில்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த முயற்சிதான் தொடக்கத்தில் குறித்தது. அவளைப்போல் வெற்றுப் பக்கம் திறந்தேன். தட்டச்சுப் பொறி முறையில் அமைந்த அவளுடைய விசைப்பலகையில், பாதி விசைகளின் மேல் இருந்த எழுத்துகள் அவள் விரல்பட்டு அழிந்துபோயிருந்தன. அவளுக்கு அவை தேவைப்படவில்லை. நான் ஒவ்வொரு விசையாக அழுத்தி, எது வருகிறது என்று பார்த்து, தவறானதை நீக்கி முன்னேறினேன். ஒவ்வொரு வரி முடிந்ததும், என்னை அறியாமல், என் இடக்கைச் சுண்டுவிரல் கீழ்மூலைக்குப் போய் கண்ட்ரோல் விசையை அழுத்தியது. மேக்கில் அந்த இடத்தில் சேமிப்பு இல்லை. அங்கே கட்டை விரலால், இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்தில் உள்ள கமாண்ட் விசையை அழுத்த வேண்டும். கணினி மறுக்கவில்லை; எச்சரிக்கவில்லை; வெறுமனே இருந்தது. நானும் சேமித்துவிட்ட நிம்மதியோடு அடுத்த வரிக்குப் போனேன். பிறகு மின்சாரம் நின்றது.

அன்று மாலை மீண்டும் தொடங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். கமாண்ட் விசையை முதன்முறையாக நன்றாகப் பார்த்தேன். அதன் நடுவில் ஒரு பளபளப்பான பள்ளம். அவள் கட்டை விரல் வைத்த இடம். என் கட்டை விரலை அதன்மேல் வைத்துக்கொண்டேன். அதன்பின் எதுவும் தொலையவில்லை.

எது புதுமையான கணினி என்ற கேள்வியில் நான் கட்சி மாறிவிட்டேன் என்று வாசிப்பவர் எண்ண வேண்டாம். பழைய கோப்பைக் கைவிடாதது, எளியவர் வீட்டுக்கும் வருவது என்று நான் கூறிய காரணங்கள் இன்றும் எனக்குச் சரியாகவே படுகின்றன. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவளுடைய பெயரை அந்த எழுத்துருவில், இழுக்காமல், திரையின் நடுவில் பார்த்தேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான வெளியை ஒரு மயிரிழை குறைத்தேன். பெயர் ஒன்றுகூடி நின்றது. அச்சுத்தாளிலும் அது அப்படியே, அதே அளவில், அதே இடைவெளியோடு வந்தது. திரையில் பார்த்ததே தாளில் வரும் என்று அவள் சொல்லும்போதெல்லாம் என் விண்டோஸிலும் இப்போது வரும் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவள் சொன்னது வசதியைப் பற்றி அல்ல என்று இப்போது தோன்றுகிறது. தான் பார்த்தபடியே ஒருவரை அனுப்பிவைக்க முடிகிறது என்பதைச் சொல்லியிருக்கிறாள். துயரத்துடன் என்பதன் கீழ் இரண்டே வரிகள்: கணவர், தங்கை.

படத்துக்குத்தான் தேட வேண்டியிருந்தது. எல்லாருக்கும் படம் சரிசெய்தவளுக்குத் தனிப்படம் இல்லை. மைத்துனியின் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் எடுத்த ஒன்று கிடைத்தது. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு எதையோ கேட்டுச் சிரிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் என்னை வெட்டியாகிவிட்டது. அவளுடைய இடத்தோளில் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம்.

"மாமா, உங்க கையி கீது" என்றாள் மைத்துனி.

"தெரியும்."

"உசுரோட கீறவங்க கையி வரக் கூடாது. அக்கா வுடாது."

"நீக்கத் தெரியவில்லை. பிறகு செய்கிறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "மீன் கொயம்பு கீது, சூடா துன்னுங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

பூசை முடிந்து கோயில் வாசலில் அட்டைகளைக் கொடுத்தேன். தந்தையின் தோளிலிருந்து கையை எடுக்கச் சொன்ன காசிமேட்டுக்காரரும் வந்திருந்தார். அட்டையை வாங்கி முதலில் பெயரைப் பார்த்தார். "எக்கா எழுத்து" என்றார். பிறகு படத்தைப் பார்த்தார். கட்டை விரலால் அந்தத் தோளை ஒருமுறை தடவினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் கையைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டுப் போனார்.

அட்டை முடிந்துவிட்டது. பழைய மென்பொருளுக்கும் எழுத்துருவுக்கும் இனி வேலை இல்லை. இன்று காலையும் அவளுடைய கணினியை இயக்கினேன்.

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

யுபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி.

திருவொற்றியூரில் இருப்பவர்களுக்கு மீதி அட்டைகளைக் கொடுத்தல்.

மேக் இயங்குதளத்தைப் புதுப்பித்தல். இன்றும் 'நாளை' அழுத்தப்பட்டது.

படத்தில், இடத்தோளின் மேல் உள்ள கையை நீக்குதல்.